ரூவான்: எரிந்தும் இடிந்தும் எழுந்த ஊரில் ஒரு நாள்

பாரிஸுக்கு வருகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஈஃபில் கோபுரம், லூவர் எல்லாம் முடித்துவிட்டுக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒரே நாளில் போய்த் திரும்புகிற மாதிரி வேறு எந்த ஊர் நன்றாக இருக்கும்? பெரும்பாலும் வெர்சாய் என்ற பதில்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால் ரூவான் என்பேன். நார்மண்டியின் தலைநகரம், செய்ன் நதிக்கரையில் இருக்கிறது, சான் லசார் ரயில் நிலையத்தில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். பார்க்க வேண்டியது எல்லாமே நடக்கிற தூரத்தில். பஸ், டாக்ஸி எதுவும் தேவைப்படாது.

திருச்சியிலிருந்து வந்திருந்த அக்காவை இந்த வசந்தத்தில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பழைய கோயில், பழைய தெரு என்றால் உயிர். ஆனால் ரூவானைப் "பழைய ஊர்" என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அங்கே நிற்கிற பெரிய கட்டிடங்களில் தீயும் குண்டும் மின்னலும் தொடாதது ஒன்றுகூட இல்லை என்றே சொல்லலாம். 1940 ஜூனில் ஜெர்மன் படை நுழைந்தபோது கதீட்ரலுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த பழைய தெருக்கள் எரிந்துபோயின. 1944இல் நேச நாட்டு விமானங்கள் ரயில் நிலையங்களையும் பாலங்களையும் குறிவைத்துப் போட்ட குண்டுகள் ஊருக்குள்ளும் விழுந்தன. அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் எதை எப்படித் திரும்பக் கட்டினார்கள், எந்தக் காயத்தை அப்படியே விட்டார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே நடப்பதுதான் எனக்கு ரூவானில் பிடித்த விஷயம். அக்காவிடமும் ரயிலிலேயே இதைச் சொல்லிவிட்டேன்.

ரூவான் ரயில் நிலையத்திலேயே வேடிக்கை ஆரம்பித்துவிடும். 1928இல் திறந்த கட்டிடம், பக்கத்தில் உயரமான மணிக்கூண்டு. வெளியே வந்தால் எதிரே ஜோன் ஆஃப் ஆர்க் பெயரில் ஒரு நேர் தெரு ஆற்றை நோக்கி இறங்குகிறது. அந்தத் தெருவில் சில நிமிடம் நடந்து இடதுபக்கம் திரும்பினால் கூம்புக் கூரையோடு ஒரு உருண்டைக் கல் கோபுரம். பிரெஞ்சு அரசன் இரண்டாம் பிலிப் 1204இல் நார்மண்டியைக் கைப்பற்றிய கையோடு கட்டிய கோட்டையில் முழுசாக மிச்சம் இருப்பது இதுதான். உள்ளே போக நேரம் செலவழிக்க வேண்டாம், வெளியே நின்று பார்த்தாலே போதும். ஆனால் கட்டாயம் நின்று பாருங்கள், ஏனென்றால் இந்த ஊரின் பெரிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஜோனை நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடப் பாடத்தில் தெரியும், புதுச்சேரிப் பக்கம் போனவர்களுக்கு தூமா வீதியில் கப்ஸ் கோயிலுக்கு எதிரே நிற்கிற வெள்ளைச் சிலையாகவும் தெரியும். கிராமத்துப் பெண். கடவுளின் குரல் கேட்டது என்று சொல்லி, ஆங்கிலேயரிடம் தோற்றுக்கொண்டிருந்த பிரெஞ்சுப் படையோடு போய் 1429இல் ஓர்லியான் முற்றுகையை உடைத்தவள். அடுத்த ஆண்டு மே மாதம் கொம்பியேன் நகரத்துக்கு வெளியே, ஆங்கிலேயரின் கூட்டாளிகளான பர்கண்டிக்காரர்கள் அவளைப் பிடித்தார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் 10,000 லிவ்ர் கொடுத்து அவளை வாங்கினார்கள். ரூவான் அப்போது அவர்கள் கையில் இருந்தது, 1419இலிருந்து 1449 வரைக்கும். அதனால்தான் அவள் மேல் மதவிரோத வழக்கு இங்கே நடந்தது.

அவளை அடைத்து வைத்த கோபுரம் இன்று இல்லை. ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டு நின்ற இந்தக் கோபுரத்துக்குத்தான் 1431 மே 9ஆம் தேதி அவளைக் கொண்டுவந்து சித்திரவதைக் கருவிகளைக் காட்டினார்கள். என் கை கால்களைப் பிய்த்தெறிந்தாலும் வேறு எதுவும் சொல்லமாட்டேன், ஒருவேளை சொல்லிவிட்டாலும் பலவந்தமாகச் சொல்லவைத்தீர்கள் என்றுதான் பிறகு சொல்வேன் என்று பதில் சொல்லியிருக்கிறாள். பத்தொன்பது வயது. வழக்கின் பதிவுகள் எழுத்தில் அப்படியே தப்பிப் பிழைத்திருப்பதால் அவள் பேசியது நமக்குக் கிடைக்கிறது. அதில் இன்னொரு இடமும் எனக்கு மறக்காது. கடவுளின் அருளில் நீ இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றால் அகம்பாவம், இல்லை என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும், இருக்கிறேன் என்றால் அதிலேயே வைத்திருக்கட்டும்" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத பெண், எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இறையியல் படித்த பண்டிதர்கள்.

அங்கிருந்து பழைய சந்தைச் சதுக்கம் பத்து நிமிட நடை. 1431 மே 30ஆம் தேதி அவளை எரித்த இடம் இதுதான். வழியெல்லாம் மரச்சட்ட வீடுகள், கீழே பேக்கரி, மேலே திரைச்சீலை தொங்குகிற ஜன்னல்கள். சதுக்கத்தில் காலை நேரத்தில் காய்கறிக் கடை, மீன் கடை, சீஸ் கடை என்று கூட்டமாக இருந்தது. அக்கா கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இங்கேயா?" என்று கேட்டாள். இங்கேதான். எரித்த இடத்தில் ஒரு செடிப் பாத்தி, கொஞ்சம் தள்ளி உயரமான ஒரு சிலுவை. சாம்பலைக் கூட யாரும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று செய்ன் நதியில் கொட்டினார்கள், அதனால் அவளுக்குக் கல்லறை கிடையாது. 1456இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று மறு விசாரணையில் முடிவானது. கத்தோலிக்கத் திருச்சபை அவளைப் புனிதையாக அறிவித்தது 1920இல்.

சதுக்கத்தின் நடுவே இருக்கிற ஜோன் ஆலயத்தைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள். சுற்றிலும் அவ்வளவு பழைய வீடுகள் இருக்க, நடுவே கூர்மையாக எழும்பி வளைந்து இறங்குகிற கறுத்த கூரையோடு 1979இல் கட்டி முடித்த கட்டிடம். லூயி அரெட்ஷ் என்ற கட்டிடக்கலைஞர் வடிவமைத்தது. போரில் சிதைந்த சான் மாலோ நகரத்தைத் திரும்பக் கட்டியவர்களில் ஒருவர். கூரையைத் தீ நாக்கு என்பார்கள் சிலர், கவிழ்த்துப் போட்ட வைக்கிங் படகு என்பார்கள் சிலர். வெளியே பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று போய்விடாதீர்கள். தயவுசெய்து உள்ளே போங்கள்.

உள்ளே ஒரு பக்கச் சுவர் முழுக்க 16ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகள். இந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் வின்சான் என்று ஒரு பழைய தேவாலயம் இருந்தது, அதன் ஜன்னல்கள் இவை. 1939இல், போர் வருகிறது என்று தெரிந்ததும், யாரோ பொறுமையாக ஒவ்வொரு கண்ணாடியாகக் கழற்றி எடுத்துப் பத்திரமான இடத்தில் வைத்தார்கள். 1944இல் குண்டு விழுந்து தேவாலயம் அழிந்தது. கண்ணாடிகள் பிழைத்துக்கொண்டன. வைக்க இடமில்லாமல் முப்பது வருடத்துக்கும் மேல் கிடந்த அந்தக் கண்ணாடிகளுக்காகவே அரெட்ஷ் இந்தச் சுவரை வடிவமைத்திருக்கிறார். மரக் கூரை நம் தலைக்கு மேலே வளைந்து போகிறது, கண்ணாடி வழியாக நீலமும் மஞ்சளும் பெஞ்சுகளின் மேல் விழுகிறது. ரூவானில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் கதீட்ரலைக் கூட விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். இதற்கு நிறைய பேர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் ஒரு ஊர் தன் கையில் மிஞ்சியதை வைத்து என்ன செய்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற இடத்தை பிரான்ஸில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சதுக்கத்தின் ஓரத்தில் லா கூரோன் என்ற உணவகம் இருக்கிறது. 1345 என்று முகப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள், பிரான்ஸின் மிகப் பழைய விடுதி என்று சொல்லிக்கொள்கிறார்கள். அமெரிக்கர்களுக்கு பிரெஞ்சு சமையலைச் சொல்லிக்கொடுத்த ஜூலியா சைல்ட் 1948இல் பிரான்ஸில் வந்திறங்கியதும் சாப்பிட்ட முதல் சாப்பாடு இங்கேதான், வெண்ணெயில் வாட்டிய மீன். விலை அதிகம். நாங்கள் சந்தையில் சீஸ் வாங்கினோம். நஃப்ஷாத்தெல் என்று இந்தப் பகுதியின் சீஸ், இதய வடிவத்தில் விற்பார்கள், வெளியே வெள்ளைத் தோல், உள்ளே மிருதுவாக, லேசான உப்போடு. அக்கா சைவம், சூடான ரொட்டியில் அதை வைத்துக் கொடுத்ததும் "இதுவே போதும்டி, ஓட்டலுக்கெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அப்புறம் ஒரு பேக்கரியில் ஆப்பிள் டார்ட். நார்மண்டி ஆப்பிள் விளைகிற பூமி, அதைச் சாப்பிடாமல் வரக் கூடாது.

சதுக்கத்திலிருந்து கதீட்ரல் வரை நேராகப் போகிற கடைத்தெருவின் நடுவே, தலைக்கு மேலே ஒரு வளைவு, அதில் தங்க நிறத்தில் பெரிய கடிகாரம். க்ரோ ஓர்லோஜ். உள்ளே இருக்கிற இயந்திரம் 1389இல் செய்தது, இப்போது தெரிகிற முகப்பும் வளைவும் 1520களில் கட்டியவை. ஒரே ஒரு முள்தான். மணியை மட்டும் காட்டும், நிமிடம் கிடையாது. முள்ளின் நுனியில் ஒரு ஆட்டுக்குட்டி, அது இந்த ஊரின் சின்னம். கம்பளித் துணி வியாபாரத்தில்தான் ரூவான் பணக்கார ஊரானது, அதனால் வளைவுக்கு அடியில் அண்ணாந்து பார்த்தாலும் மந்தையோடு நிற்கிற மேய்ப்பன்தான். மேலே ஒரு உருண்டை பாதி கறுப்பு பாதி வெளிச்சமாகச் சுழன்று நிலாவின் பிறையைக் காட்டும். கீழே ஒரு சின்ன ஜன்னலில் அன்றைய கிழமைக்கு உரிய கிரக தெய்வம் தேரில் வரும். திங்களுக்கு நிலா, செவ்வாய்க்கு மார்ஸ், புதனுக்கு மெர்க்குரி, வியாழனுக்கு ஜூபிடர். நம் ஊர்ப் பஞ்சாங்கத்தில் இருக்கிற அதே வரிசை. அக்காவுக்கு இதைக் காட்டியதும் அங்கேயே நின்றுவிட்டாள், நகரவே மனசு வரவில்லை.

டிக்கெட் வாங்கினால் பக்கத்து மணிக்கூண்டில் ஏறலாம். ஏறுங்கள். குறுகலான படிகள், நடுவே பழைய இயந்திரத்தையே பார்க்கலாம், இரும்புச் சட்டமும் பல்சக்கரங்களுமாக 1928 வரை அதுதான் ஓடிக்கொண்டிருந்தது, பிறகுதான் மின்சாரத்துக்கு மாற்றினார்கள். உச்சியிலிருந்து ஊர் முழுக்கத் தெரியும். கூரைகள், அவற்றுக்கு நடுவே எங்கே பார்த்தாலும் தேவாலயக் கூம்புகள். நூறு கோபுர நகரம் என்று விக்டர் யூகோ இந்த ஊரைச் சொன்னார். கூடவே இன்னொன்றும் தெரியும். ஆற்றை நோக்கிப் பார்த்தால் ஒரு கோடு போட்ட மாதிரி பழைய கூரைகள் நின்றுபோய், அதற்கு அப்பால் 1950களின் நேரான அடுக்குமாடிக் கட்டிடங்கள். தீயும் குண்டும் தின்ற இடம் அது.

கடிகாரத்துக்கு வடக்கே ஒரு தெரு தள்ளி நீதிமன்ற மாளிகை. 1499இல் தொடங்கிக் கட்டியது, பார்லெமான் என்கிற நார்மண்டியின் உயர் நீதிமன்றம் இங்கே கூடியது, கூரை விளிம்பில் கல்லைப் பூவேலையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த முகப்பைப் பார்த்துவிட்டு மேற்குப் பக்கமாகச் சுற்றி வந்தால் சுவர் முழுக்கக் குழிகள். குண்டுச் சிதறல் பட்ட தழும்புகள், வேண்டுமென்றே பூசாமல் விட்டிருக்கிறார்கள். சிலது உள்ளங்கை அகலம், சிலதில் தலையே நுழைந்துவிடும். பக்கத்தில் மக்கள் மெட்ரோவுக்கு நடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இதே மாளிகையின் முற்றத்துக்கு அடியில் 1976இல் வேலை நடந்தபோது ஒரு கட்டிடம் வெளிப்பட்டது. சுமார் 1100இல் கட்டிய யூதர்களின் கட்டிடம், பிரான்ஸில் இருக்கிற மிகப் பழைய யூதச் சின்னம். அது யேஷிவா என்கிற வேதப் பள்ளியா, தொழுகைக்கூடமா, வசதியான ஒருவரின் வீடா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சுவரில் "இந்த வீடு என்றும் உன்னதமாக இருக்கட்டும்" என்ற பொருளில் எபிரேய வரி ஒன்று கீறியிருக்கிறது. அதனாலேயே உன்னத வீடு என்று பெயர். 1306இல் அரசன் நான்காம் பிலிப் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தினான், அதோடு இந்தத் தெருவும் காலியானது. யூதர் தெரு என்ற பெயர் மட்டும் இன்றுவரை நிற்கிறது. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு வேண்டும். எங்களுக்கு அன்று இடம் கிடைக்கவில்லை.

சரி, கதீட்ரலுக்கு வருவோம். முகப்பில் இரண்டு கோபுரங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். இடதுபக்கம் சான் ரொமான் கோபுரம், 12ஆம் நூற்றாண்டு, எளிமையானது. வலதுபக்கம் வெண்ணெய்க் கோபுரம், 1485இல் தொடங்கி 1506இல் முடித்தது. தவக்காலத்தில் பாலும் வெண்ணெயும் சாப்பிட விலக்கு கேட்டவர்கள் கொடுத்த காணிக்கைப் பணம் இதற்குப் போனது என்பார்கள். இரண்டுக்கும் நடுவே கல்லில் பின்னிய முகப்பு, சிலைகள், கூர்மாடங்கள், மழையில் கறுத்தும் வெளுத்தும்.

இந்த முகப்பைத்தான் ஓவியர் மோனே 1892இலும் 1893இலும் எதிர்ப்புற வீடுகளின் மாடியில் வாடகைக்கு இடம் பிடித்துத் திரும்பத் திரும்ப வரைந்தார். முப்பதுக்கு மேற்பட்ட ஓவியங்கள். காலை வெயில், நடுப்பகல், மூடுபனி, மாலை. ஒரே நாளில் பல கேன்வாஸ்களை வரிசையாக வைத்துக்கொண்டு வெளிச்சம் மாறமாற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவாராம். இந்தக் கதீட்ரல் தன் மேலேயே இடிந்து விழுவதாகவும் அது நீலமாக, ரோஜா நிறமாக, மஞ்சளாகத் தெரிந்ததாகவும் கனவு கண்டேன் என்று, பிறகு அவர் மனைவியான ஆலிஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அன்று மேகமும் வெயிலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. நாங்கள் எதிரே படியில் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்துக்குள்ளேயே கல் சாம்பல் நிறத்திலிருந்து தேன் நிறத்துக்குப் போய்த் திரும்பிவந்தது. ஓவியம் பார்க்கத் தெரியாதவர்களுக்கும் மோனே எதற்காக அவ்வளவு பாடுபட்டார் என்பது அங்கே உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

நடுக் கூம்பு இரும்பு. பழையது மரம், 1822இல் மின்னல் விழுந்து எரிந்தது. அதற்குப் பதிலாக வார்ப்பிரும்பில் ஒன்றைக் கட்டத் தொடங்கி 1876இல் முடித்தார்கள். 151 மீட்டர். 1880இல் கொலோன் கதீட்ரல் முடியும்வரை உலகத்திலேயே உயரமான கட்டிடம் இதுதான், பிரான்ஸின் தேவாலயங்களில் இன்றும் இதுதான் உயரம். இந்த ஊரிலேயே பிறந்த எழுத்தாளர் ஃப்ளோபேருக்கு அந்த இரும்பு பிடிக்கவேயில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, தூரத்திலிருந்து பார்க்கும்போது மெல்லிசாக, வானத்தில் கரைந்துபோகிற மாதிரி இருக்கிறது. 2024 ஜூலை 11ஆம் தேதி அதன் உச்சியில் பராமரிப்பு வேலை நடந்த இடத்தில் தீப்பிடித்துப் புகை கிளம்பியது. பாரிஸின் நோத்ர் தாம் எரிந்ததை 2019இல் பார்த்தவர்கள் நாங்கள், அன்று டிவியில் அந்தப் புகையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, தீயணைப்பு வீரர்கள் பெரிதாகப் பரவவிடாமல் அணைத்துவிட்டார்கள்.

உள்ளே சிங்கநெஞ்சன் ரிச்சர்டின் இதயம் இருக்கிறது. இங்கிலாந்து அரசன், நார்மண்டியின் கோமகனும் அவன்தான். 1199இல் செத்தபோது உடலை ஃபோந்தெவ்ரோ மடத்தில் புதைத்தார்கள், இதயத்தை மட்டும் ரூவானுக்குக் கொடுத்தார்கள். 1838இல் ஈயப் பெட்டியோடு அதைக் கண்டுபிடித்தார்கள், பொடியாகிப் போயிருந்தது. 2013இல் விஞ்ஞானிகள் அந்தப் பொடியைச் சோதித்து, புதினா, சாம்பிராணி வகை, பாதரசம் எல்லாம் சேர்த்துப் பதப்படுத்தியிருக்கிறார்கள் என்று கண்டார்கள். 911இல் பிரெஞ்சு அரசனிடம் இந்த நிலத்தை வாங்கிக்கொண்டு குடியமர்ந்த வைக்கிங் தலைவன் ரோலோவின் கல்லறையும் இங்கே உண்டு. நார்மண்டி என்ற நாடு தொடங்குவதே அவனிடமிருந்துதான்.

1944 ஏப்ரலில் இந்தக் கட்டிடத்தின் மேல் ஏழு குண்டுகள் விழுந்தன. தெற்குப் பக்கத்துச் சிற்றாலயங்கள் பல நொறுங்கின. ஜூன் தொடக்கத்தில் சான் ரொமான் கோபுரம் எரிந்தது. எல்லாம் சேர்ந்து சரிசெய்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆகின. அதற்கப்புறம் 1999 டிசம்பர் புயலில், கூம்பைச் சுற்றியிருந்த சிறு கோபுரங்களில் ஒன்று, 26 டன் எடை, கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அதையும் சரிசெய்தார்கள். வடக்கு வாசல் பக்கம் போக மறக்காதீர்கள், புத்தக வியாபாரிகள் வாசல் என்பார்கள். கூட்டம் குறைவு. வாசலின் இருபுறமும் கீழ்வரிசையில் கையகலக் கட்டங்களுக்குள் விதவிதமான சின்ன உருவங்கள், பாதி மனிதன் பாதி மிருகம், தந்தி வாத்தியம் வாசிக்கிற ஒரு பன்றி. 1300 வாக்கில் செதுக்கியவை. செதுக்கினவர்கள் சந்தோஷமாக வேலை செய்திருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது.

கதீட்ரலின் பின்னால் ஊர் இன்னும் அழகாகிறது. சான் மக்லு தேவாலயம், முன்வாசல் ஐந்து வளைவுகளாகப் பிதுங்கி நிற்கிறது, கல் முழுக்கத் தீச்சுடர் மாதிரி வளைந்து நெளிகிற வேலைப்பாடு. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் மரச்சட்ட வீடுகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கின்றன. மேல்மாடிகள் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சமும் காற்றும் போகிறது, தீ எளிதாகத் தாவுகிறது என்று 1520இல் அப்படி நீட்டிக் கட்டுவதைத் தடை செய்தார்கள். அதனால் மாடி நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வீடு பெரும்பாலும் அதற்கு முந்தியது என்று நடந்துகொண்டே கணக்குப் போடலாம். அக்கா ஒவ்வொரு வீட்டையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சான் மக்லுவிலிருந்து மார்த்தன்வீல் தெருவில் சற்று தூரம் போனால் ஒரு சாதாரண வாசல், அதற்குள்ளே ஒரு சதுர முற்றம், நடுவே மரங்கள், நான்கு பக்கமும் மரச்சட்டக் கட்டிடங்கள். நிழலாக, குளுமையாக இருக்கும். அப்புறம்தான் மர உத்தரங்களைக் கவனிப்பீர்கள். மண்டை ஓடுகள், குறுக்கே வைத்த எலும்புகள், மண்வெட்டி, சவப்பெட்டி, எல்லாம் மரத்தில் செதுக்கியவை. 1348இல் கொள்ளைநோய் வந்தபோது இது பிணங்களைப் புதைக்கிற இடமானது. 16ஆம் நூற்றாண்டில் நோய் மறுபடி வந்தது, புதைக்க இடம் போதவில்லை. 1526இலிருந்து இந்தக் கட்டிடங்களைக் கட்டி, பழைய குழிகளைத் தோண்டி எலும்புகளை எடுத்து மேல்பரண்களில் அடுக்கினார்கள். தூண்களில் மரணத்தின் நடனம், அதாவது செத்தவர்கள் உயிரோடு இருப்பவர்களை இழுத்துக்கொண்டு போகிற காட்சி, செதுக்கியிருந்தார்கள், உருவங்கள் பெரும்பாலும் சிதைந்துபோய்விட்டன. பிறகு அங்கே பள்ளிக்கூடம் நடந்தது, 2014 வரை நுண்கலைக் கல்லூரி இருந்தது. எலும்பு அடுக்கிய பரணுக்குக் கீழே பிள்ளைகள் ஓவியம் படித்திருக்கிறார்கள். இப்போது பழுதுபார்த்துத் திறந்துவிட்டிருக்கிறார்கள், நுழைவு இலவசம். சுவருக்குள் கிடைத்த காய்ந்துபோன பூனை ஒன்றையும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

கொரோனா காலத்தில் எங்கள் பெரியப்பா போனபோது அக்கா திருச்சியில் இருந்தாள், நான் இங்கே. இரண்டு பேருமே கடைசியாக முகம் பார்க்கவில்லை. அந்த முற்றத்தில் அக்கா அதைப் பற்றித்தான் பேசினாள். யாருடைய எலும்பு எது என்று தெரியாமல் போனாலும், அவர்களுக்காக ஒரு இடத்தை இவ்வளவு அக்கறையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்களே என்றாள். ரொம்ப நேரம் அங்கே இருந்தோம்.

மிச்ச நேரத்தில் நுண்கலை அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சி இலவசம். மோனேயின் கதீட்ரல் ஓவியங்களில் மேகமூட்ட நாளின் ஓவியம் ஒன்று இங்கே இருக்கிறது. கல்லைப் பார்த்துவிட்டு வந்து அதே நாளில் ஓவியத்தைப் பார்க்கிற வாய்ப்பு வேறு ஊரில் கிடைக்காது, அதனால் வரிசை முக்கியம், முதலில் கதீட்ரல், பிறகு அருங்காட்சியகம். கரவாஜ்ஜியோவின் ஓவியம் ஒன்றும் உண்டு, இயேசுவைத் தூணில் கட்டிச் சாட்டையால் அடிக்கிற காட்சி. இருட்டுக்குள்ளிருந்து உடம்பு மட்டும் வெளிச்சத்தில் வருகிறது.

ரயிலுக்கு முன்னால் கடைசியாக சான் துவான் மடாலயம். 137 மீட்டர் நீளம், கதீட்ரலுக்கே சவால் விடுகிற அளவு, ஆர்கன் செய்வதில் பேர்போன கவாயே கோல் 1890இல் முடித்த ஆர்கன் உலகப் புகழ் பெற்றது. கச்சேரி இருக்கிற நாளாகப் பார்த்துப் போனால் நல்லது. இந்த மடாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில்தான் 1431 மே 24ஆம் தேதி, கூட்டத்துக்கு நடுவே, ஜோன் பயந்துபோய் தன் குரல்களை மறுக்கிற தாளில் அடையாளம் போட்டாள். நான்கு நாளில் மறுபடி ஆண் உடை அணிந்து, குரல்கள் உண்மை என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்குத் தப்ப வழியே இல்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அவளை வாளோடும் குதிரையோடும் காட்டுகிற சிலைகளைவிட, பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்ட இந்த நான்கு நாட்கள்தான் பெரிசாகத் தெரிகிறது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திங்கட்கிழமை கடிகாரக் கோபுரம் மூடியிருக்கும், செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், அந்த இரண்டு நாளையும் தவிர்த்துவிடுங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள், நார்மண்டியில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. கல் பாவிய தெருக்கள், நல்ல செருப்பு வேண்டும். கோடையில் போகிறீர்கள் என்றால் இரவு கதீட்ரல் முகப்பின் மேல் ஒளிக்காட்சி நடத்துகிறார்கள், ஆனால் அது இருட்டிய பிறகுதான், கடைசி ரயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒரு இரவு தங்கிவிடுங்கள். ஃப்ளோபேர் பிறந்த மருத்துவமனை வீடும் அதிலுள்ள மருத்துவ அருங்காட்சியகமும் எங்களுக்கு மிச்சம் இருக்கிறது. அப்பா மருத்துவர், பிள்ளை அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குப் பக்கத்தில் வளர்ந்திருக்கிறார். அடுத்த முறை அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம் என்று அக்கா இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.